ஹேமாம்புஜம் எடுத்துக்கொண்ட ஓய்வு

ஹேமாம்புஜத்துக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. பட்டுக்கு ஆசைப்படவில்லை, பவழத்துக்கு ஆசைப்படவில்லை. அவள் ஆசைப்பட்டதெல்லாம் தூக்கத்துக்கு. வெயில் முதுகில் உறைக்கிற வரைக்கும் ஒரு தூக்கம். எழுந்து, பாளம் பாளமாக வெடித்த குதிகாலுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். யாரோ வடித்த சாதத்தை ஆவி பறக்கச் சாப்பிட வேண்டும். எதிர்வீட்டில் இரவல் வாங்கிய கதைப் புஸ்தகத்தை, நடுவில் ஒருவரும் கூப்பிடாமல், கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். இவ்வளவுதான். சின்னக் காஞ்சிபுரத்து அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்த நாளாக அவளுக்கு இது வாய்க்கவில்லை.

மாதத்தில் மூன்று நாள் கொல்லை அறையில் ஒதுங்கி உட்காருகிறாளே, அது ஓய்வில்லையா என்று கேட்கலாம். கேட்பவர்களுக்கு அந்த வலி தெரியாது. அவளுக்கு அந்த நாட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பதிலேயே போய்விடும். புஸ்தகமாவது, விளக்கெண்ணெயாவது! வலி இல்லாமல் அந்த மூன்று நாள் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் அரிசி களையும்போது நினைத்தாள். நினைத்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் அந்த நினைப்பு அவளை விட்டுப் போகவில்லை.

வைகாசி உற்சவம் வந்தது. கருட சேவைக்குத் தென்னேரியிலிருந்தும் மாகறலிலிருந்தும் உறவுக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். போன வருஷம் பெருமாள் தெருவில் எழுந்தருளினபோது அவள் கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடினாள். அதற்குள் கருடன் திரும்பிவிட்டார். அவள் சேவித்தது குடையின் பின்பக்கத்தை. இந்த வருஷமும் அதேதான் நடக்கப் போகிறது. அதற்குக் கொல்லை அறையிலேயே படுத்துக் கிடக்கலாமே!

அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை. எண்ணெய்க் கிண்ணியும் புஸ்தகமும் முன்கூட்டியே கொல்லை அறை மாடத்துக்குப் போய்விட்டன. கருட சேவைக்கு முந்தின நாள் விடியற்காலையில், மாமியார் சூடாமணி அம்மாள் கிணற்றடிக்கு வந்ததும், தள்ளி நின்றுகொண்டு சொன்னாள்.

"அம்மா, நான் ஆத்துல இல்லை."

அந்த ஒரு வார்த்தை போதும். மூன்று நாளைக்கு அவளை யாரும் தொடக்கூடாது, அவளும் அடுப்பங்கரைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. நிஜமா என்று எந்த மாமியாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றினால்தானே.

சூடாமணி அம்மாள் கையிலிருந்த தாம்புக்கயிறு அப்படியே நின்றது. "இன்னிக்கா? இன்னும் பத்து நாள் இருக்கே உனக்கு" என்றாள். கோபிப்பாள் என்று ஹேமாம்புஜம் எதிர்பார்த்தாள். கோபித்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். "அலைச்சல்தான். உடம்பு பாவம் என்ன பண்ணும்? போய்ப் படுத்துக்கோ. குமுதா இருக்கா, நான் இருக்கேன், பார்த்துக்கறோம்" என்று சொல்லிவிட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போகிறவளைப் பார்த்தபோது ஹேமாம்புஜத்துக்கு என்னவோ போலிருந்தது. அதையும் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

அன்று தூங்கினாள் பாருங்கள், அப்படி ஒரு தூக்கம்! எழுந்து குதிகாலுக்கு எண்ணெய் தடவினாள். இரண்டாவது மருமகள் குமுதவல்லி எட்ட நின்று இலையில் சாதத்தைப் போட்டாள். ஆவி பறந்தது. குழம்பில் உப்பு ஒரு கல் தூக்கல். இருக்கட்டும், சின்னப் பெண். ஹேமாம்புஜம் வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் புஸ்தகத்தைப் பிரித்தாள். வெட்கம் கொஞ்சம் இருந்தது. சுகம் அதைவிட நிறைய இருந்தது.

மறுநாள் கருட சேவை. வாசலில் மேளச் சத்தம் வந்தது, போயிற்று. பந்தி பந்தியாகச் சாப்பாடு நடந்தது. வந்தவர்கள் கூடத்தில் துண்டை விரித்துப் படுத்த பிற்பகல் வேளையில், குமுதவல்லி கொல்லைக்கு வந்தாள். தள்ளி நிற்காமல் நேரே வந்து அறை வாசலில் உட்கார்ந்தாள்.

"என்னடி இது? எட்டப் போ. மடியோட இருக்கே, என்மேல பட்டுடப் போறது."

"பட்டா என்ன மன்னி? நானும் ஆத்துல இல்லை."

ஹேமாம்புஜத்துக்கு முதலில் விளங்கவில்லை.

"நேத்திக்குக் காலம்பறலேர்ந்து" என்றாள் குமுதவல்லி. "நீங்க உட்கார்ந்த கொஞ்ச நாழிக்கெல்லாம். சொல்லத்தான் போனேன். அம்மா முழங்கால்ல பத்துப் போட்டுண்டு உட்கார்ந்திருந்தா. நானும் உட்கார்ந்துட்டா யார் தளிகை பண்றது? வந்தவாளை யார் கவனிக்கிறது? வாய் வரலை. குளிச்சுட்டு மடி கட்டிண்டு உள்ளே போயிட்டேன். பெருமாளுக்கும் இந்தக் கையாலதான் மன்னி பண்ணினேன்."

ஹேமாம்புஜம் எழுந்து உட்கார்ந்தாள்.

"எங்காத்துக்காரர் அதைச் சாப்பிட்டுட்டுப் பிரபந்த கோஷ்டிக்குப் போயிருக்கார். அவருக்கு ஏதாவது ஆயிடுமோ? யார்கிட்ட சொல்றது? நீங்களும் ஒதுங்கி இருக்கேளே, உங்ககிட்ட சொன்னா பாதகமில்லைன்னு வந்தேன்." அவள் மன்னியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். உடம்பு அனலாகச் சுட்டது. இரண்டு நாளாக அடுப்படியில் நின்ற பெண். இடுப்பு விட்டுப் போயிருக்கும்.

அவளைத் தூக்கி அந்தப் பாயிலேயே படுக்க வைத்திருக்கலாம். 'நீ படு, எனக்கு ஒன்றுமில்லை, நான் போய்ச் சமைக்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சூடாமணி அம்மாளிடமும் சொல்ல வேண்டும். கூடம் நிறையச் சம்பந்திகள். தூங்குவதற்காகப் பொய் சொன்னவள் என்று சாயங்காலத்துக்குள் தெருவே பேசும். நினைத்த மாத்திரத்தில் ஹேமாம்புஜத்துக்கு உடம்பு கூசிப் போயிற்று. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள்.

"ஒண்ணும் ஆகாது. அழாதே" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "யார்கிட்டயும் மூச்சு விடாதே. எல்லாரும் நாளைக்குப் போயிடுவா" என்றும் சொன்னாள்.

குமுதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு உலை வைக்க எழுந்து போனாள். ஹேமாம்புஜம் புஸ்தகத்தை எடுத்தாள். ஒரு வரிகூட ஓடவில்லை. உள்ளே அம்மியில் எதையோ அரைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இவளுக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. சீ, என்ன ஜன்மம் என்று தன்னையே நொந்துகொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை, அதுதான் விஷயம்.

நாலாம் நாள் தலைக்குக் குளித்து, ஈரப்புடவையோடு உள்ளே வந்தாள். வந்தவர்கள் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். வீடு ஓவென்று கிடந்தது. பூஜை அறையான பெருமாள் உள்ளுக்கு வெளியே குமுதவல்லி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே சூடாமணி அம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனம் கேட்காமல் அந்தப் பெண் தானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தது.

"மறைக்கச் சொல்லி யாராவது உனக்குச் சொன்னாளா?" என்று மாமியார் கேட்டாள்.

ஹேமாம்புஜம் ஈரத் தலைப்பைப் பிழிய ஆரம்பித்தாள்.

"இல்லைம்மா. நானேதான்" என்றாள் குமுதவல்லி. அவள் மன்னியின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சூடாமணி அம்மாள் கத்தவில்லை. பாத்திரத்தையெல்லாம் வெளியே எடுத்துப்போட்டுத் தேய்க்க வேண்டும், வாத்தியாரைக் கூப்பிட்டுப் பரிகாரம் கேட்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, ஈரம் சொட்ட நின்ற மூத்த மருமகளைக் கையால் காட்டினாள்.

"இதோ நிக்கறாளே, உன் மன்னியைப் பாரு. மறுநாள் கருட சேவை, வீடு நிறைய மனுஷா வரப்போறா. அப்படியும் ஒரு நாழி மறைச்சாளா? நேரா வந்து சொல்லிட்டு ஒதுங்கினாளே. பெருமாள் விஷயத்துல அந்த உண்மை வேணும்டி. இவகிட்ட கத்துக்கோ. இப்போ கொல்லைக்குப் போய்த் தலைக்குக் குளிச்சுட்டு வா."

குமுதவல்லி தலையைத் தூக்கி ஹேமாம்புஜத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் துளி வருத்தமாவது இருந்திருந்தால் இவளுக்கு மூச்சு வந்திருக்கும். இல்லை. அந்தப் பெண் நிஜமாகவே வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது.

"க்ஷமிச்சுடுங்கோ மன்னி. உங்களை மாதிரி சொல்ல எனக்குத் தைரியம் இல்லாமப் போச்சு."

மாமியார் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் வேறு ஒருவரும் இல்லை. ஹேமாம்புஜம் வாயைத் திறந்தாள்.

"பரவாயில்லை, போ. இனிமே இப்படிப் பண்ணாதே" என்றாள்.