பால் என்று சொல்லி விழுங்கியது

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில். படிப்பை விட்ட பிறகும் நான் திருப்பிக் கொடுக்காத ஒரே புத்தகம் அது. அந்தப் பக்கத்தில் தோலுரித்த மனிதன் ஒருவன் நிற்கிறான். மூளைக்கு அடியில், கழுத்தில், வயிற்றுக்குள், இரண்டு சிறுநீரகங்களின் உச்சியில் சிவப்புப் புள்ளிகள். நாளமில்லாச் சுரப்பிகள் என்று மேலே போட்டிருக்கிறது. குழாய் கிடையாது, வாய்க்கால் கிடையாது. சுரப்பதை நேரே ரத்தத்தில் விட்டுவிடும். ரத்தம் உடம்பெல்லாம் சுற்றும். சேதி எந்த உறுப்புக்கோ அது மட்டும் காது கொடுக்கும். அந்தச் சேதிக்குத்தான் ஹார்மோன் என்று பெயர்.

முதல் தொடக்கம்: "கிஃபா ஊரில் டெக்பர் என்றொரு பெண் இருந்தாள். கல்யாணம் நெருங்க நெருங்க அவள் முகம் முழுநிலவைப் போல—"

(நிறுத்திவிட்டேன். வைத்தியம் படித்தவர்களும் நிலா முகம் என்றுதான் சொல்வார்களாம். அவர்கள் அழகைச் சொல்லவில்லை, நோயைச் சொல்கிறார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: "பெரியம்மா நெப்கூஹா கெட்டவள்."

(இதையும் அடித்தேன். அவளைக் கெட்டவளாக்கினால் கதை சுலபமாக ஓடும். ஆனால் தாயில்லாத எங்களை வளர்த்தவள் அவள். கல்யாணத்துக்குச் சதைபோட வேண்டும் என்று சிறுவயதில் கால்விரல்களைக் குச்சிகளுக்கிடையில் நெரித்து நெரித்துப் பால் புகட்டப்பட்டவள். இந்தப் பெண்ணுக்கு அந்த வலி வேண்டாம், மாத்திரை வலிக்காது என்று நினைத்தவள். அவளை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.)

2

டெக்பருக்குப் பத்தொன்பது வயது. நல்ல உயரம், ஒல்லி. எங்கள் பக்கத்தில் ஒல்லியான பெண்ணைப் பார்த்தால் வீட்டில் மாடு செத்துவிட்டதா என்று கேட்பார்கள். நிச்சயமான வாரமே பெரியம்மா சந்தைக்குப் போய், மருதாணிப் பொடிக்குப் பக்கத்தில் வைத்து விற்கும் வெள்ளை மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

"நல்லா பசி எடுக்கும்டி. ஒரு நாளைக்கு நாலு. யார் கேட்டாலும் பால்னு சொல்லு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்களா பெரியம்மா?"

"எல்லாரும் பால்தான் குடிக்கிறாங்க," என்றாள் பெரியம்மா, சிரிக்காமல்.

ஐந்து மாதத்தில் டெக்பரின் கன்னம் உப்பியது, பிடரியில் சதை திரண்டது. பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே நின்று, "என்ன, ஒட்டகத்தை நேரா வாயில கறந்துவிடுறீங்களா?" என்றாள். டெக்பருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கைகால்கள் மட்டும் மெலிந்துகொண்டே போயின. பாயிலிருந்து எழக் கம்பத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. கதவு லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போனது.

"என் கால் என்னோடது மாதிரியே இல்லடி," என்று ஒரு மத்தியானம் தங்கையிடம் சொன்னாள்.

3

தங்கை என்று எழுதிவிட்டேன். இதற்கு முந்தைய மூன்று பிரதிகளில் அவள் இல்லை. அவற்றில் டெக்பர் தானாகவே விழித்துக்கொண்டு மாத்திரையைக் கழிப்பறைக் குழியில் கொட்டுவாள், நிமிர்ந்து நடப்பாள், சுபம். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொய். தங்கை இல்லாமல் கதை நிற்கவில்லை. அதனால் அவளை உள்ளே விடுகிறேன். அவள் நான்தான்.

நான் அறிவியல் புத்தகத்தைக் காட்டி, "இது விஷம்கா. இன்னைக்கே நிறுத்து," என்றேன்.

டெக்பர் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். அந்தக் கணமே எழுந்துபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். "ஒண்ணுகூட மிச்சம் வைக்கல," என்றாள்.

அடிக்குறிப்பு: நாற்பத்தோராம் பக்கத்தை நான் முழுதாகப் படிக்கவில்லை. அது விஷமில்லை. சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தினமும் கார்ட்டிசோல் என்ற ஒன்றைச் சுரக்கிறது. விடியலில் நம்மை எழுப்பிவிடுவது, காய்ச்சலிலும் பட்டினியிலும் நம்மைத் தாங்கிப்பிடிப்பது எல்லாம் அதுதான். மாத்திரையும் அதே வேலையைச் செய்கிறது, அளவுக்கு மீறி. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று உத்தரவிடுவது மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி. ரத்தத்தில் போதுமானது இருந்தால் அது வாயை மூடிக்கொள்ளும். ஐந்து மாதம் வெளியிலிருந்து கொட்டினால் ஐந்து மாதமும் உத்தரவு வராது. வேலையற்ற அட்ரீனல் சுருங்கித் தூங்கிப்போகும். அந்த நேரத்தில் மாத்திரையையும் நிறுத்தினால் உடம்பில் இரண்டுமே இல்லை.

இரண்டாம் நாள் டெக்பர் எழவில்லை. மூன்றாம் நாள் குடித்த தண்ணீரையும் வாந்தியெடுத்தாள். நான்காம் நாள் உச்சி வெயிலில், கம்பத்தைப் பிடித்து நின்றவள் அப்படியே சரிந்தாள். நான் நிறுத்தச் சொன்னதிலிருந்து நான்காம் நாள்.

4

சுகாதார நிலையத்தில் இருந்தது செவிலி ஹாவா மட்டும். ரத்த அழுத்தம் பார்த்தாள். சந்தேகப்பட்டு இன்னொரு தரம் பார்த்தாள்.

"என்ன மாத்திரை சாப்பிட்டா?"

"மாத்திரையா? பால்தான் குடிச்சா," என்றாள் பெரியம்மா.

"அம்மா, இந்த முகத்தை நான் வாரத்துக்கு ரெண்டு பார்க்கிறேன். பால் குடுத்த மாட்டைக் கூட்டிட்டு வாங்க, நானே கேட்டுக்கிறேன்."

"பால்தான்," என்றாள் பெரியம்மா மறுபடி. சொன்னால் மானம் போகும், கல்யாணமும் போகும். டெக்பரின் உதடுகள் வெளுத்திருந்தன. எனக்கோ அந்நியர் முன்னால் குரல் எழும்பாது. என்னால் முடிந்தது ஒன்றுதான். துணிக்குள்ளிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன். இந்தக் கதையின் முதல் பிரதி அதில்தான் இருந்தது.

ஹாவா படித்தாள். "'அவள் முகம் முழுநிலவைப் போல…' இதெல்லாம் எனக்கெதுக்கு? எத்தனை மாத்திரை, எத்தனை மாசம், எப்ப நிறுத்தினா, அதை எங்க எழுதியிருக்கே?"

பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தேதி போட்டிருந்தேன். யார் நிறுத்தச் சொன்னது என்பதை மட்டும் எழுதியிருக்கவில்லை. என் குரல் எங்கிருந்தோ வந்தது.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

"ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்ல."

அவள் என்னைத் திட்டவில்லை. ஊசி மருந்தை எடுத்தாள், உப்புநீர் ஏற்றினாள். சாயங்காலத் தொழுகைக்கு அழைப்பு வந்தபோது டெக்பர் கண் திறந்து, "பசிக்குது," என்றாள். பெரியம்மா சுவர் பக்கம் திரும்பி அழுதாள். (அவளை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.)

"திரும்பவும் மாத்திரைதான்," என்றாள் ஹாவா. "ஆனா நான் சொல்ற அளவு. ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் இங்க வரணும், நான் துளித்துளியா கொறைப்பேன். தூங்குறவங்களை உலுக்கி எழுப்பக்கூடாது. மாசக்கணக்கா ஆகும். நடுவுல நீயா நிறுத்தினா அடுத்த தடவை இங்க வந்து சேரமாட்டே."

"கல்யாணம் அடுத்த மாசம்," என்றாள் பெரியம்மா. "அதுவரைக்கும் பழைய அளவே இருக்கட்டுமே. அப்புறம் கொறைச்சுக்கலாம்."

"கொறைக்கிறது என் உடம்பு பெரியம்மா," என்றாள் டெக்பர். எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை. குரலில் மட்டும் இருந்தது.

5

பத்து நாள் கழித்து மாப்பிள்ளையின் தாய் தூத்து வந்தாள். விருந்தாளிக்கு ஊற்றும் மூன்று சுற்றில் இரண்டாம் சுற்றுத் தேநீர் நுரைத்துக்கொண்டிருந்தது.

"வீட்டுப் பால் நல்லா ஒட்டியிருக்கு," என்றாள் தூத்து, டெக்பரின் கன்னத்தைத் தட்டி.

பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த தேநீர்த் தட்டைப் பார்த்தேன். டெக்பர் மடியிலிருந்து அன்றைய கடைசி மாத்திரையை எடுத்து, தட்டின் ஓரத்தில் வைத்து, கத்தியால் பாதியாக வெட்டினாள்.

"பால் இல்ல அத்தை. இதுதான். இதனால செத்துப் பிழைச்சேன். இப்ப செவிலி சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமா விட்டுட்டிருக்கேன். நீங்க பார்க்கிற முகம் ஒரு வருஷத்துல இருக்காது. அந்த முகம் வேணுமா, நான் வேணுமான்னு உங்க பிள்ளையைக் கேட்டுச் சொல்லுங்க."

அரை மாத்திரையை வாயில் போட்டுத் தேநீரால் விழுங்கினாள். தூத்து தன் தம்ளரைக் கீழே வைத்தாள்.

இனி என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

அ. தூத்து எழுந்து போகிறாள். மூன்றாம் சுற்றுக்கு யாரும் இல்லை. அடுத்த வாரம் நிச்சயத்தை முறித்ததாகச் சேதி வருகிறது.

ஆ. தூத்து நகர்ந்து வந்து, குரலைத் தாழ்த்தி, "என் மகளும் இதைத்தான் சாப்பிடுறா. எந்த செவிலி?" என்கிறாள்.

இ. தூத்து சிரித்து, "நாங்களும் அந்தக் காலத்துல—"

(மூன்றாவதை முடிக்கவில்லை. அவள் எதைச் சொன்னாலும் பெரியம்மா அழுவாள் என்று தோன்றுகிறது.)

நடந்தது எனக்குத் தெரியும். தட்டைப் பிடித்திருந்தவள் நான். ஆனாலும் சொல்லப்போவதில்லை. கல்யாணம் நடந்ததா என்று ஊரே கேட்டாகிவிட்டது. சிறுநீரகத்தின் உச்சியில் இருக்கும் இரண்டு சுரப்பிகளுக்கும் அந்தக் கேள்வி தெரியாது. அவை விழித்தனவா என்று கேட்டவள் ஹாவா ஒருத்திதான். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. நாளை மறுநாள் மறுபடி போகிறோம்.

ஆகவே முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு மணம் முடித்துவையுங்கள், அல்லது முறித்துவிடுங்கள். பெரியம்மாவை மன்னியுங்கள், என்னை மன்னிக்காமல் விடுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். எவ்வளவு அழகான முடிவாக இருந்தாலும், அவளை ஒரே நாளில் நிறுத்தவைக்காதீர்கள்.