கவிழ்த்து வைத்த கிளாஸ்

அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது, போனது. போகும்போது வாசனையையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் நாலு பேரிடம் சொல்லிப் புலம்பிவிட்டுப் பிழைப்பைப் பார்த்திருப்பார்கள். இவளுக்கு மூக்குதான் பிழைப்பே. அந்தத் தெருமுனை பாரில் எந்த பாட்டில் உள்ளே வர வேண்டும், எது வந்த வண்டியிலேயே திரும்ப வேண்டும் என்று முடிவு செய்வது அவள் மூக்கு. கணவர் நிர்வாகம், கவுண்டரில் நின்று ஊற்றிக் கொடுப்பது கொழுந்தன். அவன் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டே, குடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் அவள் அண்ணியாகிவிட்டாள்.

சில மாதங்கள் கழித்து வாசனை திரும்பத் தொடங்கியது, ஆனால் கோணல்மாணலாக. காபியை முகர்ந்தால் கருகிய ரப்பர். சோப்பை முகர்ந்தால் அழுகிய வெங்காயம். "நல்ல அறிகுறிதான்" என்றார் டாக்டர். அவருக்கென்ன, அவர் காபி அவருக்குக் காபியாகத்தானே இருந்தது!

கொழுந்தன் நல்லவன்தான். பொறுமைதான் கிடையாது.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு அந்த அமெரிக்க சிங்கிள் மால்ட் விஸ்கி வருது. அதை எந்த கிளாஸ்ல குடுக்கணும்னு நீங்க சொல்லுங்க. சரியா வந்தா பழையபடி எல்லாம் உங்க கையில. இல்லன்னா இனிமே முகர்ற வேலைய நான் பாத்துக்கறேன்."

"ஆகட்டும்" என்றாள்.

மதியம், கடை திறப்பதற்கு முன்னால், கம்பெனி விற்பனையாளர் பாட்டிலோடு வந்து சேர்ந்தார். கொழுந்தன் புது அலமாரியின் கதவைத் திறந்தான். ஆசை ஆசையாகத் தச்சரை வைத்துச் செய்த அலமாரி. போன வாரம்தான் வந்தது. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. உள்ளே கிளாஸ்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. கிளாஸ் கவிழ்ந்துதான் இருக்க வேண்டும், தூசி விழக் கூடாது என்பது கடை தொடங்கிய நாளில் அண்ணி போட்ட சட்டம். அதை மீற அங்கே யாருக்கும் தைரியம் கிடையாது.

இரண்டு ரகம் எடுத்தான். ஒன்று குட்டையாக, வாய் அகலமானது. இன்னொன்று வயிறு பருத்து வாய் குறுகியது.

"முளைகட்டி மால்ட் பண்ணின பார்லி மட்டும்தான் சார். ஒரே ஆலையில வடிச்சது. புது ஓக் மரப் பீப்பாய உள்பக்கம் நெருப்புல கருக்கி அதுல ஊற வச்சது" என்று சொல்லிக்கொண்டே விற்பனையாளர் ஊற்றினார்.

கொழுந்தன் குறுகிய வாயில் மூக்கை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "அப்பாடி, மரம் மண்டைக்கு ஏறுது. அகல கிளாஸ்தான் சரி."

"ஆமாடா, ரொம்பத் தூக்கல்" என்றார் கணவர்.

"புது பீப்பாய் சார், மரம் இருக்கத்தான் செய்யும். அகல வாய்ல கொஞ்சம் அடங்கிடும்" என்று விற்பனையாளரும் ஒத்து ஊதினார்.

அடுத்து அண்ணி. அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். வெனிலா, காரமல், ஆரஞ்சுத் தோல் என்று நாலு வார்த்தையை எடுத்துவிட்டு, ஊரோடு சேர்ந்து அகல கிளாஸ் என்றால் முடிந்தது. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? குறுகிய கிளாஸை எடுத்து, ஆல்கஹால் குத்தாமல் இருக்க வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர்ந்தாள்.

வந்தது. ரப்பர் இல்லை, வெங்காயம் இல்லை. சுத்தமான வார்னிஷ்.

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மறுபடியும் கோணல்! அகல கிளாஸிலும் அதே வார்னிஷ், கொஞ்சம் மெலிதாக. சொன்னால் சிரிப்பார்கள், இன்றோடு சோலி முடிந்தது. சொல்லாவிட்டால் வேலை தங்கும். அவள் ஒன்றும் அரிச்சந்திரன் பேத்தி இல்லை, வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள். ஆனால் மூக்கைப் பற்றி மட்டும் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"வார்னிஷ் வாசனை வருது" என்றாள்.

"மேடம், இது பரிசு வாங்கின சரக்கு!" விற்பனையாளருக்கு முகம் சிவந்துவிட்டது. கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கேலி இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இருந்தது பரிதாபம். அண்ணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெடுக்கென்று பாட்டிலைப் பிடுங்கி, அதன் வாயை முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். அதில் வார்னிஷ் இல்லை.

"சரக்குல இல்ல, கிளாஸ்ல இருக்கு. தம்பி, உன் அலமாரியிலேருந்து காலி கிளாஸ் ஒண்ணு எடுத்து மோந்து பாரு."

அவன் வேண்டாவெறுப்பாக எடுத்து முகர்ந்தான். ஒரு சொட்டு விஸ்கி படாத கிளாஸ். மரம் மண்டைக்கு ஏறியது. அதை அப்படியே அண்ணனிடம் நீட்டினான். அண்ணன் முகர்ந்துவிட்டு விற்பனையாளரிடம் நீட்டினார்.

இவ்வளவு நேரம் மூன்று பேரும் பெரிய ரசிகர்கள் மாதிரி ஆராய்ச்சி செய்தது அமெரிக்க ஓக்கை அல்ல, தச்சர் அடித்த வார்னிஷை! பழைய கம்பி ரேக்கில் கவிழ்த்தால் அடியில் காற்று போகும். மூடிய புது அலமாரியில், காயாத வார்னிஷ் மேல் கவிழ்த்தால், வாடை கிளாஸுக்குள்ளேயே சிறைப்படும். குறுகிய வாய் அதை வெளியே விடவே விடாது. சட்டம் போட்டது தானே என்பதால் அண்ணிக்கு யாரையும் திட்ட முடியவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கிளாஸ்களை வெந்நீரில் கழுவி ஜன்னலோரம் நிமிர்த்தி வைத்தார்கள். அவை காய்வதற்குள் கணவர், "பின்னாடி காலி பாட்டில் அடுக்கிட்டு வரேன்" என்று நழுவினார். சில மாதங்களாகவே காலி பாட்டில் மேல் அவருக்குத் தனிப் பாசம்.

கணவர் திரும்பி வந்ததும் விற்பனையாளர் மறுபடி ஊற்றினார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் வறுத்த பார்லி, காலையில் பேக்கரி கதவைத் திறந்தது போல. பிறகு ஆரஞ்சுத் தோல். அதற்கும் பின்னால் தீய்ந்த சர்க்கரை, அதன் ஓரத்தில் மரம், அளவாக. ஒவ்வொன்றும் அதுவாகவே வந்து நின்றது. சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். விற்பனையாளர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அகல கிளாஸில் ஆரஞ்சு பிடி கொடுக்காமல் பறந்துவிட்டது.

"குறுகல் வாய்தான்" என்றாள். "இதுல மாத்துப் பேச்சே கிடையாது."

கொழுந்தன் முகர்ந்து பார்த்தான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். "அண்ணி, தப்பா பேசிட்டேன். இனிமே உங்க மூக்கு சொல்றதுதான் கடையில சட்டம்."

கணவர் பக்கத்தில் வந்து நின்றார். "நெஜமாவே வந்துடுச்சா?"

அண்ணி அவர் பக்கம் திரும்பி மூச்சை ஆழமாக ஒரு முறை இழுத்தாள்.

"சிகரெட்" என்றாள். "அதுக்கு மேல புதினா மிட்டாய். எத்தனை மாசமா நடக்குது இது?"

அவள் மூக்குக்குப் பயந்துதான் கல்யாணமான புதிதில் அவர் அதை விட்டிருந்தார். இப்போது சட்டைப்பையிலிருந்து பெட்டியை எடுத்து கவுண்டர் மேல் வைத்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட மனிதர் தலையைக் குனிய வேண்டாமா? அவரோ தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"வந்துடுச்சுடா! உங்கண்ணிக்கு மூக்கு வந்துடுச்சுடா!"