லாயிட் வீட்டு நுரைக் கேக்

பெங்களூர் மர்பி டவுன் மூன்றாவது கிராஸில் லாயிட் வீட்டுக்கு மட்டும் 2007-ஆம் வருடத்துக் கிறிஸ்துமஸ் இன்னும் வந்து சேரவில்லை. தெருவில் மற்ற வீடுகளுக்கெல்லாம் அது டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி வழக்கம்போல வந்தது, மதியம் பிரியாணி வாசனையோடு இருந்தது, சாயங்காலம் போய்விட்டது. பக்கத்து இந்து வீட்டுக்குக்கூட அச்சு முறுக்கும் கல்கல் பலகாரமுமாகத் தட்டில் வந்தது. லாயிட் வீட்டில் அன்றைக்கும் இருபத்துநாலாம் தேதிதான். ஓவனுக்குள் இருந்த கேக்தான் காரணம் என்று லாயிடின் அம்மா ஆஞ்சலாம்மா சொல்வார். ஆஞ்சலாம்மாதான் காரணம் என்று தெரு சொல்லும். நடுவில் மாட்டிக்கொண்டவள் லாயிடின் மனைவி குளோரியா. மாட்டிக்கொண்டவள் பக்கம் நின்று சொல்வதுதான் நியாயம்.

அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குப் பிளம் கேக் கிடையாது, நுரைக் கேக். முட்டையின் வெள்ளைக் கருவைச் சர்க்கரை சேர்த்துக் கெட்டி நுரையாகும் வரை அடித்து, தட்டில் பெரிய வட்டமாகக் குவித்து, ஆகக் குறைந்த சூட்டில் ஓவனில் அரை நாள் காய வைப்பார்கள். மேலே மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சுமாக வந்ததும் மறுநாள் கிரீமும் கொட்டை எடுத்த சீதாப்பழமும் வைத்து, பிரியாணிக்குப் பிறகு வெட்டுவார்கள். லாயிடின் அப்பா கன்டோன்மென்ட் பங்களா ஒன்றில் சமையல் வேலை பார்த்தபோது கற்று வந்தது. கேக்கோடு ஒரு சட்டத்தையும் கொண்டுவந்தார்: காய்கிறவரைக்கும் அதற்குக் காற்று ஆகாது, பட்டால் அமுங்கிவிடும். பங்களாவில் ஓவன் கதவை மட்டும் திறக்காமல் இருந்திருப்பார்கள். மர்பி டவுனுக்கு வந்ததும் அது வாசல், ஜன்னல், ஃபேன் எல்லாவற்றுக்குமான சட்டமாகிவிட்டது. வாசலுக்கு உள்தாழ் போட்டு, கதவடியில் பழைய துண்டைச் சுருட்டித் திணிப்பார்கள். அதன்பிறகு யாரும் வெளியே போகக் கூடாது, யாரும் உள்ளே வரக் கூடாது. கேக் காய்ந்துவிட்டது என்று சொல்லும் உரிமை ஆஞ்சலாம்மா ஒருவருக்குத்தான். ஓவன் கண்ணாடி அருகே காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொல்வார்.

கேக் செய்வது மருமகள் வேலை. நுரை பதமா என்று பார்க்க, அடித்த பாத்திரத்தை அவள் தலைக்கு மேலேயே கவிழ்ப்பார்கள். கல்யாணமான வருடம் அத்தனையும் குளோரியாவின் தலையில் விழுந்தது. பூசைக்குப் போகக் கழுவிப் பின்னிய தலை. அதைச் சொல்லிச் சொல்லியே அந்த வீடு பல வருடம் சிரித்தது. குளோரியாவும் கூடவே சிரித்தாள், வேறென்ன செய்வது. சிரித்துக்கொண்டே ஒவ்வொரு டிசம்பரிலும் பாத்திரத்துக்குக் கீழே தலையைக் கொடுத்தாள். நுரை விழவில்லையென்றால் நல்ல மருமகள், விழுந்தால் இன்னும் ஒரு வருடச் சிரிப்பு. அவளுக்கென்று அந்த வீட்டில் ஓர் அறைகூட இல்லை. லாயிடும் அவளும் முன்னறையில்தான் படுத்தார்கள். தனியாகப் போகலாம் என்று அவள் பேச்செடுக்கும் போதெல்லாம் லாயிட் ஒரே பதிலை வைத்திருந்தான். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்பான். பிப்ரவரியில் கேட்டாலும் அதையே சொல்வான்.

அந்த வருடம் ஊருக்கு வெளியே பொம்மசந்திராவில் மாத்திரை பேக்கிங் கம்பெனி ஒன்றில் குளோரியாவுக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்திருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் சேர வேண்டும். பக்கத்திலேயே சந்தாபுராவில் வீணா என்கிற பெண்ணின் வீட்டு மாடியில் ஓர் அறையும் பார்த்துவிட்டாள். அதற்கு லாயிட் தலையை ஆட்டிவிட்டான். மம்மியிடம் கேக் வெட்டிய பிறகு சொல்வதாக ஏற்பாடு. அந்த வீட்டில் எந்தச் செய்தியும் கேக் வெட்டிய பிறகுதான் சொல்லப்படும். ஆனால் இருபத்துநாலாம் தேதி காலையில் நுரை அடிக்கிற மெஷின் பீட்டர் ஓடும் இரைச்சலில் யாருக்குக் கேட்கப் போகிறது என்று குளோரியா லாயிடின் காதுக்குக் கத்திச் சொன்னாள். சாவி வந்துவிட்டது, இருபத்தாறாம் தேதி கிளம்புகிறோம் என்கிற பாதியில் கரண்ட் போய்விட்டது. பீட்டர் நின்றது. மீதிப் பாதி வீடு முழுக்கக் கேட்டது.

ஆஞ்சலாம்மா பீட்டரை எடுத்து ஓரமாக வைத்தார். கரண்டியால் அடித்து முடிக்கச் சொன்னார். கை கழன்று விழும் அளவுக்குக் குளோரியா அடித்தாள். பாத்திரத்தைக் கவிழ்த்தபோது ஒரு சொட்டு விழவில்லை. அந்த வீட்டில் அதற்கு முன்பு அப்படியொரு நுரை வந்ததில்லை. கரண்ட் வந்ததும் ஓவனில் வைத்தார்கள், தாழ் போட்டார்கள், துண்டைத் திணித்தார்கள். சாயங்காலம் ஆஞ்சலாம்மா காதை வைத்துக் கேட்டுவிட்டு, இன்னும் இல்லை என்றார். கோயில் மணி அடித்து, பூசைக்குத் தெருவே போய்த் திரும்பியபோதும் இன்னும் இல்லை என்றார். விடிந்ததும் லாயிட் நாள்காட்டியில் தாளைக் கிழித்தான். அடியிலும் இருபத்துநாலுதான் இருந்தது. இன்னொன்றைக் கிழித்தான், அதுவும் அதே. கன்னி மாதா படம் போட்ட அட்டை வரும்வரை கிழித்துவிட்டு, மறுபடி ஒட்டவைக்கப் பசை தேடினான்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் சாதாரணம்தான். வெளியே பொழுது விடிந்தது, சாய்ந்தது. உள்ளே மசாலா தடவிய கறி கெடவில்லை, ஊறவைத்த அரிசி புளிக்கவில்லை, இஸ்திரி போட்ட புது உடைகள் கட்டில்மேல் கிடந்தன. லாயிட் வேலை பார்த்த அச்சகத்தில் அவன் லீவில் இருப்பதாகவே எடுத்துக்கொண்டார்கள். தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ரவி, ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கத்துவான். "அக்கா, எங்க பக்கம் பொங்கலே முடிஞ்சிபோச்சி. நீங்க சும்னே உள்ளயே உக்காந்துனுகீறீங்க." குளோரியா தாழ்வரைக்கும் போய்த் திரும்புவாள். வாசலில் பூட்டு எதுவும் இல்லை, வெறும் தாழ்தான், சின்னப் பிள்ளை கை வைத்தாலும் திறக்கும். ஆனால் கேக்கை அமுக்கியவள் என்று காலத்துக்கும் பேர் வாங்க அவளுக்குப் பயமாக இருந்தது. தலையில் விழுந்த நுரைக்கே அத்தனை வருடம் சிரித்தவர்கள் இவர்கள். அந்தப் பயத்தை நினைத்தால் அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது. தாழுக்கும் ஓவனுக்கும் நடுவில் நடந்து நடந்து சிமென்ட் தரை வழவழத்துப் போனது. ஈஸ்டர் போனது, பள்ளிக்கூடம் திறந்தது, மழை வந்தது.

ஒருநாள் அவள் நேரடியாகவே கேட்டுவிட்டாள், ஏன் மம்மி இப்படிச் செய்கிறீர்கள் என்று. ஆஞ்சலாம்மா சீதாப்பழத்தில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார், அது தீரவே தீராது.

"பெரியவன் துபாய்க்குப் போனது கிறிஸ்துமஸ் முடிஞ்சி. எம்பொண்ணு கட்டிக்கினு போனதும் கிறிஸ்துமஸ் முடிஞ்சிதான். அவரு செத்ததுகூட இருபத்தாறாந்தேதி. இந்த வூட்ல யார் போனாலும் அது முடிஞ்சிதாம்மா போறாங்க. அதான், வராமலே இருக்கட்டும்னு பாக்கறேன்."

குளோரியாவுக்கு அந்த அம்மாள்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததும் முன்னைவிட மூச்சு முட்டியது, ஏனென்றால் கோபப்படுகிற சௌகரியமும் கையைவிட்டுப் போய்விட்டது.

செப்டம்பரில் காவி உடுத்தியவர்கள் சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவுக்குத் தெரு வழியாக நடந்துபோவதை அவள் ஜன்னலில் பார்த்தாள். ஒரு பெண் செருப்பில்லாமல், கைவீசி, பாடிக்கொண்டு போனாள். குளோரியா பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், துண்டைக் காலால் தள்ளினாள். லாயிடை வரச் சொன்னாள். நாளைக்குக் கிறிஸ்துமஸை வைத்துக்கொண்டு இப்போது எங்கே போவது என்று அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான். அவள் தாழை எடுத்தாள்.

காற்று வந்தது. மழைக் காற்று, ஈரத்தோடு. மேலே தொங்கிய காகித நட்சத்திரம் சுற்றியது, கட்டில்மேல் கிடந்த புடவை கீழே விழுந்தது. மூன்று பேரும் ஓவனைப் பார்த்தார்கள். கேக் அசையவில்லை. வெள்ளை வெளேரென்று, விரிசல்கூட இல்லாமல், வைத்தது வைத்தபடி இருந்தது. இதற்காகவா இத்தனை மாதம் என்று குளோரியா நினைத்தாள். ஆஞ்சலாம்மா எழுந்து போய்க் கண்ணாடியில் காதை வைத்தார். இன்னும் இல்லை என்றார். குளோரியா லாயிடின் கையைப் பிடித்தாள். அவன் மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

"போறதுன்னா போ குளோரியா. கதவச் சாத்திட்டுப் போ, காத்து வருது."

சாத்திவிட்டுத்தான் போனாள். பஸ் ஓசூர் ரோடு ஏறும்வரை அழுதாள், அதன்பிறகு பசித்தது. சூப்பர்வைசர் வேலைக்கு எப்போதோ ஆள் வந்துவிட்டது. அதே பொம்மசந்திராவில் வேறு கம்பெனியில் பேக்கிங் லைனில் நின்று, சில வருடத்தில் சூப்பர்வைசர் ஆனாள். வீணாவின் மாடி அறைக்கும் வேறு ஆள் வந்திருந்ததால், வீணா கீழே ஓர் அறையைக் கொடுத்தாள். அங்கே ஒவ்வொரு டிசம்பரிலும் குளோரியா கதவைத் திறந்துபோட்டே நுரைக் கேக் செய்கிறாள், வீணா வீட்டு ஆட்கள் உள்ளே வெளியே போய் வருகிறார்கள், நன்றாகவே வருகிறது. மர்பி டவுனில் அந்த வீட்டை இப்போது யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கேரல் பாடிக்கொண்டு வருகிறவர்கள் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், குப்பை வண்டி நிற்பதில்லை.

வருடத்தில் ஒருநாள், கிறிஸ்துமஸுக்கு முந்தின மதியம், அவள் போய் ஜன்னலருகே நிற்பாள். லாயிட் வந்து பேசுவான். அவன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அவள் இப்போதுதான் வெளியே போன மாதிரி, வெயிலாக இருக்கிறதா என்று கேட்பான். ஆமாம் என்பாள். போன வருடம் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ரக்ஷா என்கிற பெண் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, நரைத்த தலையோடு இவ்வளவு நேரம் நிற்கிறாரே என்று ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். சித்தி வந்தால் உள்ளே கூப்பிடாமல் ஜன்னலிலேயே நிற்க வைத்துப் பேசுவது என்ன மரியாதை என்று லாயிடைக் கடிந்துகொண்டாள். லாயிட் சிரித்தான். குளோரியா திருத்தவில்லை. நாற்காலியில் சற்று உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லி எழுந்துகொண்டாள்.