றஞ்சினி தைத்த கூடாரம்

றஞ்சினி வேட்டைக்காரர் பரீட்சையில் பாஸ் பண்ணிய செய்தி, சுவிஸின் டீட்டிகோன் தமிழ்ச் சனங்களுக்குள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பரவி முடிந்தது. பூசை முடிந்து வெளியே வந்த அவளுடைய கணவர் அந்தோனிதாஸிடம் மூன்று பேர் தனித்தனியாக வந்தார்கள். முதலாவது ஆள் உண்மையோ என்று கேட்டார். இரண்டாவது ஆள் துவக்கை வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மூன்றாவதாக வந்த யேசுதாசன் அண்ணை ஒன்றும் கேட்கவில்லை. அந்தோனிதாஸின் தோளில் கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுப் போனார்.

அந்தோனிதாஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் உப்பில்லாத சாப்பாட்டுப் பகுதி அவர் பொறுப்பு. றஞ்சினி பத்தொன்பது வருசமாக ஒரு படங்குத் தொழிலகத்தில் தையல் வேலை செய்கிறாள். லொறிக்கு மூடும் படங்கு, கடை வாசலில் இழுத்துவிடும் வெயில் மறைப்பு எல்லாம் அவள் கையால் போனவை. அவளுடைய முதலாளி கெல்லர் ஒவ்வொரு செப்ரெம்பரும் கிரவ்பூண்டன் மலைக்கு வேட்டைக்குப் போகிறவர். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் மறந்துவிட்டுப் போன வேட்டைப் பரீட்சைப் புத்தகத்தை றஞ்சினி எடுத்துப் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டு வருசம் படித்தாள். சட்டம், மரங்கள், சுடுகிற பயிற்சி, மிருகங்களின் பல்லைப் பார்த்து வயது சொல்வது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர்கள் சிரித்தாலும் அவள் பல்லைத்தான் பார்த்தாள்.

கெல்லர் வாடகைக்கு எடுக்கும் மலைக்குடிலை, றஞ்சினியும் அவரோடு வேட்டைக்குப் போக இருந்த அந்த வருசம் விற்றுவிட்டார்கள். அவர் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, றஞ்சினி தடித்த பருத்திக் கன்வஸை மேசையில் விரித்து வெட்டத் தொடங்கினாள். நான்கு மீற்றர் அகலம், ஐந்து மீற்றர் நீளம், இடுப்பளவு உயரத்துக்கு நேர்ச் சுவர், நடுவில் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். உள்ளே விறகடுப்பு வைக்க ஒரு மூலை. புகைக்குழாய் கூரையால் வெளியேறும் இடத்தில் தீப்பிடிக்காத துணியால் ஒரு வளையம். முகட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்தில் காற்றுத் துவாரங்கள். தைத்து முடித்ததும் தொழிலகத்துக்குப் பின்னால் கட்டி, தண்ணீர் பிடித்து நனைத்துக் காயவிட்டு, மறுபடியும் நனைத்தாள். நூல் ஊதினால்தான் ஊசித்துளைகள் அடைபடும் என்றாள். கெல்லர் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய அப்பா காலத்துத் தொழிலகம் அது, என்றாலும் இந்த விசயம் அவருக்குப் புதிது.

பிறகு அவள் வீட்டுக்கு வந்து அந்தோனிதாஸிடம் சொன்னாள்.

"மூண்டு பேர் இல்லாமல் அதைத் தூக்கி நிறுத்தேலாது. நீங்களும் வாறியள்."

"நான் கூடாரத்துக்கை படுக்கமாட்டன்."

"ஏன்?"

"படுத்திருக்கிறன்."

தொண்ணூறாம் ஆண்டு, பதினேழு வயதில், சண்டைக்குத் தப்பி மன்னாரிலிருந்து ஓடி மடுக்கோயிலடியில் பதினாலு மாதம் ஒரு படங்குக்குக் கீழே இருந்தவர் அவர். பதினாலு மாதம் என்பதை மட்டும் சொல்லியிருக்கிறார். சுவிஸுக்கு வந்த பிறகு, ஏரிக்கரையில் வெயிலுக்குக் கட்டும் சின்னக் கொட்டிலுக்குள்கூட அவர் போனதில்லை. வெளியே குடை பிடித்துக்கொண்டு இருப்பார். ஆனால் மனைவியும் முதலாளியும் தனியாக மலைக்குப் போனால், யேசுதாசன் அண்ணை மறுபடியும் தோளில் கை வைப்பார் என்பதையும் அவர் யோசித்தார். லீவு எழுதிக் கொடுத்தார்.

மலையில் அந்தப் புல்நிலம் கியான் என்ற விவசாயிக்குச் சொந்தம். கூடாரம் அடிக்க அனுமதி கொடுத்திருந்தார். ஜீப் போகும் பாதை முடிந்த பிறகு முன்னூறு மீற்றர் சுமக்கவேண்டும். கெல்லர் ஓடைக்குப் பக்கத்தில் மட்டமான புல்தரை ஒன்றைக் காட்டி, தண்ணீர் கிட்ட, காற்றும் குறைவு, இதைவிட நல்ல இடம் கிடையாது என்றார். கம்பங்கள் அந்தோனிதாஸின் தோளில் இருந்தன. அவர் ஓடையைத் தாண்டி, சரிவில் ஏறி, ஒரு சின்ன மேட்டில் அவற்றைப் போட்டுவிட்டு மேலே உட்கார்ந்தார். கம்பம் இல்லாமல் கூடாரம் அடிக்க முடியாது. கால்மணி நேரம் கழித்து கெல்லரும் ஏறி வந்தார்.

கயிறுகளை இழுத்துக் கட்டியது அந்தோனிதாஸ்தான். முளைகளைச் சரித்து அடித்தார். மண் இளகிய இடத்தில் முளைக்கு மேல் கல் வைத்தார். மேட்டுப் பக்கமாக ஒரு சாண் அகலத்துக்குப் புல்லைப் பாளமாகச் சீவியெடுத்து வாய்க்கால் வெட்டினார். பார்க்க வந்த கியான் நிலத்தைப் பார்த்தார், வரிசையாக அடுக்கிய புற்பாளங்களைப் பார்த்தார்.

"திரும்ப வைப்பீர்களா?" என்று கேட்டார்.

"ஒவ்வொன்றும் இருந்த இடத்திலேயே," என்றார் அந்தோனிதாஸ்.

கியான் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று பின்னேரம் மழை பெய்தது. ஓடை கரைமீறி, கெல்லர் காட்டிய மட்டமான புல்தரை முழுக்கத் தண்ணீராக நின்றது. கெல்லர் கூடார வாசலில் நின்று அதைக் கனநேரம் பார்த்தார்.

அடுப்பு றஞ்சினியின் பொறுப்பு. தட்டைக் கல்லில் நிறுத்தி, விறகைச் சுவரோடு சாத்தாமல் தள்ளி அடுக்கி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்தாள். நடுக்கம்பத்தில் வெள்ளை நிறத்தில் ஒரு சின்னப் பெட்டியைக் கொழுவினாள். புகையில் மணமில்லாத நஞ்சுக்காற்று சேர்ந்தால் அது கத்தும். அந்தோனிதாஸ் முதல் இரண்டு இரவும் சப்பாத்தைக் கழற்றாமல் படுத்தார்.

மூன்றாம் நாள் விடியப் பனி கொட்டத் தொடங்கியது. றஞ்சினியும் கெல்லரும் வேட்டைக்கு வெளிக்கிட்டார்கள். வாசலில் நின்று அவள் சொன்னாள்: "கூரையிலை பனி சேர்ந்தால் உள்ளுக்கை நிண்டு தும்புத்தடியாலை மெதுவாத் தட்டுங்கோ. விரலாலை கன்வஸைத் தொடாதேங்கோ, தொட்ட இடத்தாலை ஒழுகும். அடுப்பைக் காத்து இல்லாமல் மூடிப்போடாதேங்கோ."

"ஓம்."

"விளங்கினதோ?"

"தும்புத்தடி எண்டு சொன்னனீர். விளங்கினது."

அவர் தட்டினார். அரைமணிக்கு ஒருக்கால், நாலு மூலையிலும். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் முகட்டுக்குக் கீழிருந்த துவாரம் கண்ணில் பட்டது. அதற்குள்ளால் பனித்தூள் வந்து அவருடைய கழுத்தில் விழுந்தது. பத்து மணிபோல கெல்லரின் கம்பளிச் சட்டையைச் சுருட்டி ஒரு துவாரத்தில் அடைத்தார். மற்றதில் தன்னுடைய துவாயை அடைத்தார். வாசலின் அடியில் போர்வையைத் தள்ளினார். விறகு ஈரம்; மெதுவாக எரியட்டும் என்று அடுப்பின் காற்றுக்கதவையும் சாத்தினார். கூடாரம் நல்ல சூடாக வந்தது. முதல் தடவையாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

தலை இடித்தது. காலையில் தேத்தண்ணி குடிக்காததால் என்று நினைத்தார். எழும்பித் தேத்தண்ணி வைக்க நினைத்தார், கால் வரவில்லை. அப்போது பெட்டி கத்தத் தொடங்கியது.

அவர்களுடைய டீட்டிகோன் வீட்டுச் சமையலறையிலும் இப்படி ஒன்று உண்டு. மீன் பொரிக்கும் நாளெல்லாம் கத்தும். அந்தோனிதாஸ் அதை எடுத்து பல்கனியில் வைத்துவிட்டுப் பொரிப்பார். இங்கேயும் அதைத்தான் செய்தார். நடுக்கம்பம்வரை ஊர்ந்து போய்ப் பெட்டியைப் பிடுங்கினார், போர்வையைத் தள்ளிக்கொண்டு, சப்பாத்தில்லாமல் காலில் வெறும் மேசோடு வெளியே வந்தார். பனிக்குள் முழங்காலில் நின்று அதை நிற்பாட்டும் பொத்தானைத் தேடினார். பொத்தான் அகப்படவில்லை. ஒருதரம் சத்தி எடுத்தார். மறுபடியும் தேடினார். பெட்டி தானாகவே வாயை மூடிய நேரத்தில் அவருக்குத் தலை கொஞ்சம் தெளிந்திருந்தது. கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே போகவில்லை. வாசல் துணியைப் பிடித்து முழுவதுமாகத் திறந்து கட்டிவிட்டு, விறகுக் குற்றியில் உட்கார்ந்தார்.

மத்தியானம் திரும்பி வந்த இருவரும், மேசோடு பனியில் உட்கார்ந்திருக்கும் ஆளைக் கண்டார்கள்.

"என்ன நடந்தது?" என்றாள் றஞ்சினி.

"ஓட்டையை அடைச்சுப்போட்டன்."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கம்பளிச் சட்டையைக் கண்டாள். சப்பாத்தை எடுத்துவந்து அவருடைய காலில் மாட்டினாள். நாடாவை இறுக்கிக் கட்டினாள். கெல்லர் அவசர இலக்கத்துக்குப் போன் எடுத்தார். உடனே இறக்கிக்கொண்டு போய் இரத்தம் பார்க்கச் சொன்னார்கள். கியான் ஜீப்பைக் கொண்டுவந்தார்.

பள்ளத்தாக்கு வைத்தியரிடம், மூக்கில் ஒட்சிசன் குழாயோடு அந்தோனிதாஸ் இரண்டு மணித்தியாலம் இருந்தார். றஞ்சினி பக்கத்துக் கதிரையில் வேட்டை உடுப்போடு இருந்தாள். துவக்கைக் கெல்லரிடம் விட்டிருந்தாள்.

"நான் காத்துக்காகத் தைச்சது," என்றாள் கடைசியில். "அளந்து, ரெண்டு பக்கமும் கரை மடிச்சு. ஒரு துவாரத்துக்கு அரை நாள். ஏன் அடைச்சனீங்கள்?"

அவர் சுவரில் மாட்டியிருந்த பற்களின் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மடுவிலை எங்கடை படங்கிலை இருபத்தாறு ஓட்டை. மாரி துடங்கினதும் அம்மா எனக்குத் தந்த வேலை அதுதான். சீலைத்துண்டு, பொலித்தீன், சோத்துப்பசை. இரவிரவா அடைப்பன். கடைசித் தங்கச்சி மெறீனாவுக்கு நாலு வயசு, நெஞ்சுச்சளி. ஒரு சொட்டும் அவவிலை விழக்கூடாது."

"பிறகு?"

"எல்லாத்தையும் அடைச்சனான். அவ தை மாசம் செத்துப்போனா."

றஞ்சினிக்கு அவரைக் கலியாணம் கட்டி இருபத்துநாலு வருசம். மெறீனா என்ற பெயரை அவள் கேட்டதில்லை. அவருடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தாதி வந்து குழாயைப் பார்த்துவிட்டுப் போனாள்.

"ஓட்டையைக் கண்டால் கை தானாப் போகுது," என்றார் அவர்.

"அது ஓட்டை இல்லை. நான் தைச்சது."

"ஓம். இப்ப விளங்குது."

இரத்தத்தில் பயப்பட ஒன்றும் இல்லை என்று வைத்தியர் வந்து சொன்னார். வெளியே தபால் பஸ் நின்றது. அதில் ஏறினால் இருட்டுவதற்குள் ரயிலைப் பிடித்து டீட்டிகோனுக்குப் போய்விடலாம். பின்னால் கியானின் ஜீப் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்கள் வீட்டை போங்கோ," என்றாள் றஞ்சினி. "நான் கோவிக்கமாட்டன். நானும் வேணுமெண்டால் வாறன்."

அந்தோனிதாஸ் பஸ்ஸைப் பார்த்தார். மலையைப் பார்த்தார்.

"இண்டைக்கும் பனி கொட்டும். அந்த மனுசனுக்குக் கூரை தட்டத் தெரியாது," என்று சொல்லிவிட்டு ஜீப்பின் பின்சீற்றில் ஏறினார்.

கெல்லருக்கு உண்மையிலேயே தெரியாதுதான். அவர் விரலால் கூரையைத் தொட்டு, தன்னுடைய படுக்கைக்கு நேர்மேலே மூன்று இடத்தில் ஒழுகவிட்டிருந்தார். றஞ்சினி அந்த இடங்களிலிருந்து சுவர்வரைக்கும் உட்புறத்தில் ஒரு தடியால் கோடு இழுத்து, நீர் சுவர்ப்பக்கமாக வழிய வழி செய்து கொடுத்தாள். அந்தோனிதாஸ் பெட்டியைத் தன்னுடைய தலைமாட்டில் மாட்டச் சொன்னார்.

ஆறாம் நாள் காலை, தூரத்தில் ஒரே ஒரு வெடி கேட்டது. அந்தோனிதாஸ் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார். ஒன்றரை மணித்தியாலம் கழித்து றஞ்சினி சரிவில் இறங்கி வந்தாள். முதுகில் ஒரு கெம்சே, கொம்பு வளைந்த மலையாடு, அதன் தலை அவளுடைய தோளில் ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த கெல்லர் இரண்டு துவக்கையும் சுமந்திருந்தார். தான் தூக்கித்தரவா என்று கேட்டும் அவள் விடவில்லை என்றார்.

அவள் அதை மெதுவாகப் புல்லில் கிடத்தினாள். அதன் வாயில் கெல்லர் ஒரு ஊசியிலைக் கொத்தை வைத்தார். அது அவர்களுடைய வழக்கம். றஞ்சினி ஓடைக்குப் போய் நெடுநேரம் கை கழுவினாள். அந்தோனிதாஸ் துவாயோடு போய்ப் பக்கத்தில் நின்றார்.

"எப்பிடி இருந்தது?"

"பாரமா இருந்தது," என்றாள். பிறகு, "உடனை செத்துப்போச்சு. நோகேல்லை," என்றாள்.

அவர் துவாயைக் கொடுத்தார். அவள் முகத்தைத் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அன்று மலையாட்டின் ஈரலை மிளகு போட்டுப் பிரட்டினார். பதினேழு வருசமாக ஆஸ்பத்திரியில் போடமுடியாமல் இருந்த உப்பையும் போட்டார். கெல்லர் கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் வடிய மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். வெயில் வந்திருந்தது. கூடாரத்தின் சுவர்களைச் சுருட்டிக் கட்டிவிட்டு, மூவரும் கூரைக்குக் கீழே, கன்வஸ் காய்கிற வரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார்கள்.