நாற்பது புட்டிகளும் ஓர் அண்டாவும்

“ஒரேயொரு குளிகையைத் திறந்து நாக்கில வெச்சுப் பாருங்கோவன்...”

“திறக்கக் கூடாதெண்டு பேப்பர்ல...”

“கசந்தா மருந்து. கசக்காட்டி வெறும் மாவு. இதுக்கு ஒரு...”

“கையெழுத்து வெச்சிருக்கிறன், தவமணி! முப்பத்திரண்டு வருஷம் கிளார்க்கா இருந்தவன். என்னைப் போய்த் திறக்கச் சொல்றியே!”

நாகநாதனின் நிழல் மஞ்சளாகி அப்போது ஆறு வருஷம். பினாங்கின் கெலுகோரில் இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதலில் சோகையாய்த் தொடங்கி, 1987இல் நல்ல விரலி மஞ்சளின் நிறத்துக்கு வந்திருந்தது. சிமெண்டுத் தரையில் பட்டால் சவுக்காரம் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு நூர்ஜான் அதைக் குறையாகச் சொன்னதில்லை. வெளுத்துப்போன மெத்தை உறைகளைக் கொடியில் போட்டுவிட்டு, “அண்ணே, சும்மாதானே இருக்கீங்க, அஞ்சு நிமிஷம் இங்க வந்து நில்லுங்களேன்லா” என்பாள். அவரும் பேப்பரைப் படித்துக்கொண்டே போய் நிற்பார். சாயம் மூன்று சலவைக்குத் தாங்கும். ஆனால் ஈரலில் பாதி கெட்டியாகிவிட்டது, மீதிப் பாதிக்கு இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று என்று டாக்டர் சொன்ன பிறகு அவர் மனைவி தவமணிக்கு அந்த மெத்தை உறைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கீழாநெல்லியைத் தெருத்தெருவாய்ப் பிடுங்கி அரைத்துக் கொடுத்தும் நிழல் அசைந்து கொடுக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் டாக்டர் அருந்ததி ஒரு சத்துத்தூளைச் சோதிக்கத் தொடங்கினாள். ஏதோ ஒரு வெளிநாட்டுச் செடியின் விதையிலிருந்து எடுத்தது. மருந்து என்று சொல்ல இன்னும் அனுமதி இல்லை, சாப்பாட்டோடு சேர்கிற சத்து என்றுதான் பெயர். ஈரலில் கிருமி தங்கிவிட்ட நாற்பது பேரைப் பிடித்து, மாதத்துக்கு ஆளுக்கொரு புட்டி, அறுபது குளிகை. இருபது பேருக்குத் தூள், இருபது பேருக்கு அரிசி மாவு. யாருக்கு எது என்று அவளுக்கே தெரியாது, பட்டியல் கோலாலம்பூரில் பூட்டி இருந்தது. மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். அந்தப் பட்டியல் ஏன் பூட்டப்பட்டது என்று தவமணிக்கு விளங்கவில்லை. நாலாம் மாதம் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றபோது யாருக்கு எது கிடைக்கிறது என்பது வெயிலிலேயே தெரிந்தது. பாதிப் பேரின் நிழல் கறுத்துக்கொண்டு வந்தது, மீதி அப்படியே மஞ்சள். பினாங்கு ஸ்ட்ரீட் அடைக்கப்பச் செட்டியாரின் நிழல் புதுக் குடைத்துணி மாதிரி இருந்தது. நாகநாதனுடையது தரையில் வழிந்து கிடந்தது. டாக்டரும் நர்சுகளும் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்ததால் கீழே பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.

தவமணிக்கு வந்த கோபம் டாக்டர் மேல் இல்லை. கூப்பிட்டு வரிசையாக உட்காரவைத்துவிட்டு ஒருவருக்குப் போட்டு ஒருவருக்குப் போடாமல் விடுவதற்குப் பந்தி வஞ்சனை என்று பெயர், அதை எந்த வீட்டிலும் செய்யமாட்டார்கள், படித்த பிள்ளை அறியாமல் செய்துவிட்டாள், அவ்வளவுதான் என்று நினைத்தாள். ஆகவே அடுத்த ஞாயிறு மதியம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாற்பது பேரையும் சாப்பிடக் கூப்பிட்டாள், புட்டியையும் கொண்டு வரச் சொன்னாள். அந்த நாற்பதில் ஒருத்தியான சலேஹா அக்கரையில் ஜுருவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். நாகநாதனைத் தயிர் வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டு, அவருடைய புட்டியைத்தான் தவமணி முதலில் அண்டாவில் கவிழ்த்தாள்.

“செட்டியாரே, உங்கட நிழல் கறுத்திட்டுது. உங்களைக் கேக்கத்தான் எனக்கு வாய் வரேல்ல.”

அடைக்கப்பன் தன் புட்டியைப் பார்த்தார். தன் நிழலைப் பார்த்தார். இலையில் பாயசம் ஆறிக்கொண்டிருந்தது.

“இலையில உட்கார வெச்சுட்டுக் கேக்குறீங்களே அக்கா. இதுக்கப்புறம் எப்படிலா மூடி வெக்கிறது?” என்று கவிழ்த்துவிட்டார்.

“அடில் லா, அதான் நியாயம்” என்று சலேஹாவும் கவிழ்த்தாள். பிறகு யாரும் யோசிக்கவில்லை. சோற்றுக் கரண்டியால் கிளறி ஆளுக்கு அறுபது எண்ணிக் கொடுத்தாள் தவமணி. அடுத்த மாதமும் அப்படியே நடந்தது, இரண்டாவது முறை புளிச்சாதம்.

ஆறாம் மாத முடிவில் நாற்பது நிழல்களும் ஒரே நிறத்துக்கு வந்து நின்றன, பால் விடாத தேநீர் நிறம். நாற்பது ரத்தத்திலும் ஒரே எண், கடைசிப் புள்ளி வரைக்கும். அருந்ததி இயந்திரத்தை இரண்டு முறை பழுது பார்த்தாள். பிறகு அண்டா விஷயம் நாகநாதனுக்குத் தெரிந்தது; அவர் தவமணியோடு ஒன்பது நாள் பேசாமல், முழுநீளத் தாளில் மன்னிப்புக் கடிதம் எழுதி, நகல் எடுத்துக் கோப்பில் வைத்தார். ஆய்வின் அறிக்கையில், இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை, பலன் நிரூபிக்கப்படவில்லை என்று இரண்டே வரி வந்தது. அதற்குப்பின் நாகநாதன் பதினோரு வருஷம் இருந்தார். நூர்ஜான் மெத்தை உறைக்குக் கடையில் சாயம் வாங்கத் தொடங்கினாள். அடைக்கப்பனைத் தேநீர்ச் செட்டியார் என்றார்கள். வெயில் நேரத்தில் இந்த நிறம் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பார் அவர்.

1990இல் அருந்ததி இன்னொரு சோதனைக்கான புதுத் தாள்களோடு வீட்டுக்கு வந்தாள். ‘குளிகையை எவரோடும் பகிரக் கூடாது’ என்ற வரி தடித்த எழுத்தில் இருந்தது.

“பாதிப் பேருக்கு மாவு குடுத்துப் பாத்தாத்தான் அன்ரி, தூள் வேலை செய்யுதா எண்டு தெரியும். தெரிஞ்சா ஆயிரம் பேருக்குக் குடுக்கலாம். போன முறை நீங்கள் செஞ்சதில ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாமப் போச்சு.”

நாகநாதன் தலையாட்டியபடி பேனாவைத் திறந்தார். அது நியாயமான பேச்சு என்று தவமணிக்கும் பட்டது. அவள் கோப்பியை டாக்டர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“சரி பிள்ளை. மாவுக்கு ஆரை இருத்தப் போறாய்? பேரைச் சொல்லு.”