ஒன்பது வருஷக் கர்ப்பம்

ஈச்சங்காட்டுப் பெரியம்மாள் ஒன்பது வருஷம் நிறைமாதமாக இருந்தாள். அந்த ஒன்பது வருஷத்தில் கல்வராயன் மலையில் சாமை ஒருமுறை பொய்த்தது, கடுக்காய் விலை ஏறி இறங்கியது, தேர்தல் வந்து வந்து போனது. அவள் வயிறு மட்டும் அப்படியே இருந்தது. அந்த வயிற்றோடுதான் களை பறித்தாள், ஓடைத் தண்ணீர் சுமந்தாள், புருஷன் இருசப்பனோடு சண்டை போட்டுச் சமாதானமானாள்.

இது ஆரம்பித்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தேர்தல் சமயம். மணலூர்பேட்டையில் கரும்பு போட்டுக்கொண்டிருந்த அரங்கநாதன் சட்டமன்றத்துக்கு நின்று, வேட்டியெல்லாம் செம்மண்ணாக மலையேறி ஓட்டுக் கேட்க வந்தார். முந்தின மழைக்காலத்தில்தான் பெரியம்மாளின் தங்கை சின்னப்பொண்ணைப் பிரசவ வலியோடு மூங்கிலில் தூளி கட்டிச் சுமந்துகொண்டு இறங்கியிருந்தார்கள். அடிவாரம் கண்ணுக்குத் தெரிந்தபோது தூளிக்குள் முனகல் நின்றுபோயிருந்தது. பெரியம்மாள் வேட்பாளரின் கும்பிட்ட கையைப் பார்த்து, "ரோடு போட்டுக் குடுங்கய்யா. அதுல பஸ்ஸு வந்தப்புறந்தான் இத பெத்துக்குவேன்" என்றாள். எல்லா ஊரிலும் சொன்னதுபோலவே "ஆவட்டும்மா" என்றார் அரங்கநாதன்.

ஜெயித்து மறுவருஷம் குறை கேட்க வந்தவர், அதே வயிற்றைப் பார்த்து அடுத்த பிள்ளை என்று நினைத்தார். "அதே புள்ளதாங்க. நீங்க சொன்னதுக்குத்தான் காத்துக்கினு இருக்குது" என்றான் இருசப்பன். அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. அரங்கநாதன் பக்கத்திலிருந்த பாறையில் உட்கார்ந்துவிட்டார். கள்ளக்குறிச்சியிலிருந்து அவர் நடத்தியே கூட்டிவந்த டாக்டரம்மா தங்கமணி, வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டு, குழந்தை சுகமாக இருக்கிறது, அதற்கு ஒன்றும் அவசரமில்லை என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அரங்கநாதனுக்கு வேறு வேலை ஓடவில்லை. கேள்வி நேரத்தில் கேட்டார், வெட்டுத் தீர்மானம் கொடுத்தார், கவன ஈர்ப்பு கொண்டுவந்தார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. ஒருநாள் தாங்காமல் பெரியம்மாளின் விஷயத்தைச் சொன்னபோது அவை முழுக்கச் சிரித்தது. சிரிப்பை அவைக் குறிப்பிலிருந்து நீக்குமாறு அவைத்தலைவர் உத்தரவிட்டார், நீக்கினார்கள். அந்தக் கூட்டத்தொடர் முடியும்வரை அங்கே யாருக்கும் சிரிப்பே வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் அவர் மலையேறிப் போவார். பெரியம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருக்க, எதிரே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் வயிற்றைப் பார்த்து ஒப்பிப்பார். பதில் சாதகமாக இருந்தால் குழந்தை உதைக்கும். இல்லாவிட்டால் புரண்டு படுக்கும்.

இடையில் வந்த தேர்தலிலும் அரங்கநாதனே ஜெயித்தார். ஆறாம் வருஷம் ஒரு மசோதா வந்தது. மலை நிலங்களை வெளியார் நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்க வழிசெய்கிற மசோதா. அதற்குக் கை தூக்கினால் அடுத்த மாதமே ரோட்டு வேலை தொடங்கும் என்று மந்திரியின் அறையில் காப்பி கொடுத்துச் சொன்னார்கள். அரங்கநாதன் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, வீட்டுக்குப் போகாமல் நேரே மலைக்கு வந்தார். சாமை புடைத்துக்கொண்டிருந்த பெரியம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இன்னாங்கய்யா, மொகமே சரியில்ல?"

சொன்னார். பெரியம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். "எறங்கி நிக்க மண்ணு இல்லாத எடத்துல புள்ளய எறக்கி இன்னா பண்றதுங்க? அந்தச் சட்டம் வோணாம். நான் இன்னும் கொஞ்ச நாளு சொமக்கறேன்."

"ஒனக்கு வலிக்கலியாம்மா?"

"முதுவு வலிக்கத்தான் செய்யுது" என்று சிரித்தாள்.

இறங்கும்போது அரங்கநாதன் யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து அழுதார். பிறகு சென்னைக்குப் போய் மசோதாவை எதிர்த்துப் பேசினார். அவர் எதிர்த்துக் கை தூக்கியதைப் பார்த்து இன்னும் சிலர் தூக்கினார்கள். மசோதா தெரிவுக் குழுவுக்குப் போனது, திரும்பி வரவில்லை. அடுத்த தேர்தலில் கட்சி அவருக்குச் சீட்டுக் கொடுக்கவில்லை. எதிர்க்கட்சியின் வீரமுத்து ஜெயித்தார். மறுநாளே அவர் வாசலில் போய் நின்ற அரங்கநாதன், "பேரு ஒங்களுக்கே இருக்கட்டுங்க. ரோடு வந்தாப் போதும்" என்றார். வீரமுத்து அவரைக் கூட்டிக்கொண்டே மலையேறினார், பெரியம்மாளைப் பார்த்தார். அடுத்த பட்ஜெட்டில் ரோடு இருந்தது.

முதல் பஸ் ஈச்சங்காட்டுக்கு வந்து திரும்பி நின்றபோதுதான் பெரியம்மாளுக்கு இடுப்பு வலி எடுத்தது. அதே பஸ்ஸில் இறங்கி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பெற்றாள். பூமாலை என்று பெயர் வைத்தார்கள். பிறக்கும்போது மற்றக் குழந்தைகள் அளவுதான். ஆனால் விட்டுப்போன வருஷங்களை அங்கேயே வளர்ந்து தீர்த்தாள். காலையில் போட்ட சட்டை மாலையில் பற்றவில்லை. அரங்கநாதனின் மனைவி ராஜாம்பாள் கடைவீதிக்கும் ஆஸ்பத்திரிக்குமாக நடந்து நடந்து துணி வாங்கினாள். முதலில் கொஞ்சம் வியந்த நர்சுகள், பிறகு பாவாடையின் அளவைப் பற்றி யோசனை சொன்னார்கள்.

ஊர் திரும்பும்போது பூமாலை இரட்டைப் பின்னலோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அரங்கநாதன். மலையில் மழை பிடித்தது. அதன் சத்தம் அவளுக்கு நெடுநாளாகத் தெரியும். அது இப்படி வெள்ளையாகச் சாய்ந்து விழும் என்பது தெரியாது. கையை வெளியே நீட்டினாள். கண்டக்டர் வந்து, என்ன வயது என்று கேட்டார்.

"பொறந்து ஒரு வாரங்க" என்றாள் பெரியம்மாள்.

கண்டக்டர் குழந்தையின் உயரத்தைப் பார்த்தார். அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, கையை உள்ளே எடும்மா என்று சொல்லிக்கொண்டே அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.