இரண்டு சான்றிதழ்களில் ஒரே வாக்கியம்

தொண்ணூற்றெட்டாம் வருடம், தங்கையை மனநல மருத்துவமனையில் சேர்க்க உத்தரவு கேட்டு கள்ளக்குறிச்சி நீதிமன்றத்தில் நின்றாள் காசியம்மாள். இருவரும் கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருந்தார்கள். தங்கை செல்லியம்மாள் முந்தானையால் மணிக்கட்டை மூடிக்கொண்டிருந்தாள். கயிற்றுத் தழும்பு அங்கேதான் இருந்தது. கட்டியவள் காசியம்மாள்.

விதிப்படி இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்து, தாங்களே கண்டதை எழுதித் தர வேண்டும். தந்திருந்தார்கள். நீதிபதி இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தார்.

“‘உங்க பின்னாடி எங்க அக்கா நின்னுகினு இருக்குது, ஒரு நாற்காலி போடுங்க.’ இந்தப் பொண்ணு சொன்னதா ரெண்டுலயும் இதே வார்த்தை. ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதியிருக்காங்க.”

“விதி தனித்தனியா பாக்கத்தான் சொல்லுதுங்க ஐயா,” என்றார் வக்கீல் சுப்புராயன். “வேற வேற வார்த்தையில எழுதணும்னு இல்ல.”

“ஒரு மனுஷிய அடைச்சு வைக்கறதுக்கு முன்னால ரெண்டு பேர் தனியா யோசிக்கணும். அதுக்காக வந்த விதி அது. அந்தக் காரணத்த விட்டுட்டு எழுத்த மட்டும் படிக்க முடியாது.”

அவர்கள் பார்த்து எழுதவில்லை. காசியம்மாளுக்குத் தெரியும். ஊரும் வேறு, நாளும் வேறு. இரண்டு முறையும் அவள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறையும் உள்ளேயிருந்து “அக்கா, அக்கா” என்று தங்கை கொஞ்சும் குரல் வந்தது. தன்னை அவள் அப்படிக் கூப்பிட்டு வருடங்கள் ஆகின்றன. வீட்டிலும் மூலையைப் பார்த்துச் சொல்வாள்: “இந்த அக்கா என்னைக் கட்டிப் போடாது.”

இதைச் சொன்னால் கயிற்றையும் சொல்ல வேண்டிவரும்.

நீதிபதி தங்கையிடம் திரும்பினார். “நீ ஏதாவது சொல்லணுமாம்மா?”

செல்லியம்மாள் அவர் தோளுக்கு மேலே பார்த்தாள். “உங்க பின்னாடி எங்க அக்கா நின்னுகினு இருக்குது, ஒரு நாற்காலி போடுங்க.”

பக்கத்தில் நின்ற டவாலிச் சேவகர் தன்னையறியாமல் ஒரு நாற்காலியைப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தார். நீதிபதி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமல் இருக்கப் பாடுபடுவது கழுத்தில் தெரிந்தது. சான்றிதழ்கள் தனித்தனியானவை அல்ல என்று காரணம் காட்டி, மனு தள்ளுபடி என்று எழுதினார்.

ஊர் திரும்பும் வெள்ளிமலை பஸ்ஸில் ஒரே ஒரு இரட்டை சீட்டு காலியாக இருந்தது. செல்லியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

“தள்ளு, நான் உக்காரணும்.”

“அக்கா உக்காந்துகினு இருக்குது. கண்ணு தெரியல?”

கண்டக்டர் சிரித்தார். “இன்னாம்மா, அக்கா தங்கச்சிக்குள்ள சண்டையா?”

காசியம்மாள் கம்பியைப் பிடித்து நின்றாள். தங்கை வெற்றிடத்தின் மேல் சாய்ந்து, தழும்பேறிய கையை நீட்டிக் கொடுத்தபடி தூங்கிப்போனாள். அந்தக் கை விழவில்லை.

வளைவு வளைவாக பஸ் மலை ஏறியது. காலையிலிருந்து நின்ற கால்கள் இந்நேரம் கடுத்திருக்க வேண்டும். ஆனால் வெகுநேரமாக உட்கார்ந்திருப்பவளுடையவை போல அவை மரத்திருந்தன. தோளில் மட்டும் ஒரு தலையின் பாரம் இருந்தது.

அவள் அசையாமல் நின்றாள், தங்கை விழித்துவிடக் கூடாதென்று.